மூன்றாவது முயற்சியில் தூங்கிய பாப்பா

அக்காவின் பாப்பாவுக்கு இன்றோடு 20 நாள். பிறந்த புதிதில் மட்டும் இருக்கும் அந்தச் சுருண்ட உடம்பையும், மூடிய விரல்களையும், தோள்பட்டையில் இருக்கும் பூனைமுடியையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று, அவள் பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நான் தயாராகத் தொடங்கிவிட்டேன். மூன்று முறை முயன்றோம். 7ஆம் நாள் ஒன்றும் தேறவில்லை. 9ஆம் நாள் 140 படம் எடுத்து இரண்டுதான் தேறின. 12ஆம் நாள் எடுத்தது 63 படம், அதில் 17 படத்தை அக்கா வைத்துக்கொண்டாள். இந்த மூன்று நாளுக்கும் இடையில் என்னென்ன மாற்றினோம் என்பது மறந்து போவதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாள் கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்து 5 நாளிலிருந்து 14 நாளுக்குள் எடுப்பதுதான் வழக்கம். அதற்கு முன்னால் தாய்க்கும் குழந்தைக்கும் பால் பழகியிருக்காது, அதற்குப் பின்னால் குழந்தை கையைக் காலை நீட்டத் தொடங்கிவிடும், தூக்கமும் அவ்வளவு ஆழமாக இருக்காது. பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவது இயல்பு. பாப்பா 3.1 கிலோ பிறந்தாள், 6ஆம் நாள் மருத்துவர் பார்த்து எடை ஏறுகிறது, மஞ்சள் காமாலை இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் கேமராவை வெளியே எடுத்தேன். குறைமாதக் குழந்தை என்றாலோ, மஞ்சளுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலோ இந்த வேலையே வேண்டாம், படம் காத்திருக்கும்.

ஜன்னலும் பொம்மையும்

அக்கா வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் மூன்று. பாப்பா வருவதற்கு முன்பே ஒரு பெரிய பொம்மையைத் தூக்கிக்கொண்டு மூன்று அறையிலும் காலை 8 மணியிலிருந்து மணிக்கு ஒரு படமாக எடுத்துப் பார்த்தேன். பொம்மைக்கு மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டும், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை மூக்குதான் காட்டிக்கொடுக்கும்.

கூடத்து ஜன்னல் பெரியது, ஆனால் 9 மணிக்கே வெயில் நேராக உள்ளே இறங்கிவிட்டது. பொம்மையின் பாதி முகம் வெளுத்து, பாதி முகம் இருண்டு போனது. குழந்தை மேல் நேர்வெயில் விழவும் கூடாது, அதனால் கூடம் கழிந்தது. சின்ன அறையில் வெயில் வரவில்லை, ஆனால் சுவர் பச்சை நிறம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பச்சை, படத்தில் பொம்மையின் கன்னத்தில் தெளிவாகத் தெரிந்தது. மிஞ்சியது படுக்கையறை. 120 செ.மீ. அகல ஜன்னல், வெளிர்நிறச் சுவர், காலை 10 மணியிலிருந்து 11:30 வரை நேர்வெயில் இல்லாமல் வானத்து வெளிச்சம் மட்டும். அங்கிருந்த நீலத் திரைச்சீலையைக் கழற்றிவிட்டு மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினேன், வெளிச்சம் பால் போல மெத்தென்று ஆனது.

தூரத்தையும் அளந்தேன். மெத்தை ஜன்னலிலிருந்து 1 மீட்டரில் இருந்தபோது லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/200 நொடி, கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ 400 போதுமாக இருந்தது. 2.5 மீட்டருக்கு இழுத்ததும் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 1600 கேட்டது, படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல். ஒரேயடியாக ஜன்னலை ஒட்டிப் போடலாமா என்றால், அங்கே குளிர் இறங்குகிறது. 1 மீட்டர் என்று முடிவு செய்து, மெத்தையின் நான்கு மூலைக்கும் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வைத்தேன்.

கோணம்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. குழந்தையின் தலை ஜன்னல் பக்கம், உடம்பு 45 டிகிரி சாய்வாக. வெளிச்சம் உச்சந்தலையில் தொடங்கி நெற்றி, மூக்கு, உதடு என்று இறங்கிப் போக வேண்டும். கால் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் தாடையும் மூக்குத் துவாரமும் பளிச்சென்று தெரிந்து, நெற்றி இருண்டு, தூங்கும் முகம் பார்க்கவே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பொம்மையை வைத்து இரண்டையும் எடுத்து அக்காவிடம் காட்டினேன், ஒரு நொடியில் சரியானதைத் தொட்டாள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், மெத்தையிலிருந்து அரை மீட்டரில், 60 செ.மீ. வெள்ளை தெர்மோகோல் அட்டை ஒன்றை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். நிழல் பக்கம் கொஞ்சம் தெளிய அது போதும்.

சாமான்கள்

கேமரா, 50 மி.மீ. லென்ஸ், போன் மூன்றும் ஏற்கெனவே என்னிடம் இருந்தவை. வீட்டிலேயே கிடைத்தவை: தரையில் போடும் மெத்தை, மூன்று போர்வை, கைத்துண்டுகள், துணி கிளிப், இரண்டு நாற்காலி. புதிதாக வாங்கியவை ஐந்து: அறை வெப்பம் காட்டும் சிறிய தெர்மாமீட்டர், நீர் இறங்காத விரிப்பு மூன்று, 40க்கு 150 செ.மீ. அளவில் இழுபடும் பின்னல் துணி, ஒரு பிரம்புக் கூடை, பூ வைத்த தலைப்பட்டை. கடைசி இரண்டும் வீண் செலவு. கூடையில் பொம்மையை வைத்ததும் தலைப்பக்கம் சாய்ந்தது. அடியில் பாரம் வைத்தால் நிற்கும் என்று தெரியும், ஆனாலும் அதன் விளிம்பு கையில் குத்தியது, 12 நாள் குழந்தையை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தலைப்பட்டை பாப்பாவின் நெற்றியில் கோடு போட்டுவிட்டது, உடனே கழற்றிவிட்டேன். அடுத்த முறை அந்தப் பணத்தை இன்னும் இரண்டு விரிப்புக்குப் போடுவேன்.

கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு குழந்தை தூங்குவது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரே படம் அல்ல. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார், பிறகு இரண்டையும் கணினியில் ஒட்டி, பிடித்திருந்த கைகளை அழித்துவிடுவார்கள். குழந்தையின் கழுத்து தன் தலையைத் தாங்காது. தயவுசெய்து அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மல்லாக்க, லேசாக ஒருக்களித்து, அம்மா அப்பா கையில். எங்கள் பட்டியல் அவ்வளவுதான்.

எல்லாத் துணியையும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்துக் காய வைத்தோம். புதுத் துணியில் கடைக்கஞ்சி இருக்கும், அது குழந்தைத் தோலுக்கு ஆகாது.

முதல் முயற்சி, 7ஆம் நாள்

எல்லாம் தயார் என்று நினைத்தேன். அறை குளிராக இருந்தது, அதனால் ஹீட்டரைப் போட்டேன். சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 29 டிகிரி செல்சியஸ் காட்டியது. அக்கா 9:50க்குப் பால் கொடுத்தாள், பாப்பா 10:15க்குக் கண்ணை மூடினாள். அதன் பிறகு நான் செய்த காரியம்தான் அன்றைய நாளைக் கெடுத்தது: தூங்கிய குழந்தையின் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, டயப்பரை மாற்றி, மெத்தையில் படுக்க வைத்தேன். கையிரண்டையும் விரித்துத் திடுக்கிட்டு எழுந்தாள். அழுகை.

"துணி மாத்துறதைப் பால் கொடுக்குறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றார் அம்மா. அவ்வளவு எளிய விஷயம், நான் யோசிக்கவே இல்லை.

மறுபடி சமாதானப்படுத்திப் படுக்க வைத்தோம், மறுபடி எழுந்தாள். அப்போதுதான் மெத்தை மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டரைக் கழற்றி மெத்தையில் வைத்தேன், ஐந்து நிமிடத்தில் 23 டிகிரிக்கு இறங்கியது. சூடான காற்று மேலே போகிறது, ஜன்னல் ஓரக் குளிர் தரையில் தங்குகிறது, நான் ஹீட்டருக்கு மேலே இருந்த சுவரை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். 11 படத்தோடு 40 நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். பாப்பா அழுதுகொண்டிருக்கும்போது மேலும் முயல்வதில் எனக்கு விருப்பமில்லை, அக்காவும் களைத்திருந்தாள்.

அன்று மாலை மூன்று விஷயம் குறித்து வைத்தேன். தெர்மாமீட்டர் இனி மெத்தையில், குழந்தையின் உயரத்தில். உடை கழற்றுவது பாலுக்கு முன். படுக்க வைக்கும்போது தலையை முதலில் வைத்தால் விழுவது போல உணர்ந்து திடுக்கிடுகிறாள், அதனால் முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை.

இரண்டாவது முயற்சி, 9ஆம் நாள்

இந்த முறை மெத்தை உயரத்தில் 27 டிகிரி. ஒரு கட்டத்தில் 30க்குப் போய்விட்டது, பாப்பாவின் கன்னம் சிவந்து கழுத்தடியில் ஈரம் தட்டியது, உடனே ஹீட்டரை அணைத்துக் கதவைத் திறந்தோம். குழந்தைக்குச் சூடா குளிரா என்று பார்க்க உள்ளங்கையைத் தொடக் கூடாது, அது எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட வேண்டும். ஹீட்டர் மெத்தையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, காற்று குழந்தை மேல் படாதபடி வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தோம்.

மழை இரைச்சல் போன்ற ஓசையைப் போனில் போட்டேன். முதலில் தலைமாட்டில் 40 செ.மீ. தூரத்தில். மாமாவின் போனில் ஒலி அளக்கும் செயலி இருந்தது, குழந்தையின் காதருகே வைத்துப் பார்த்தால் 66 டெசிபல். அது அதிகம். 2 மீட்டர் தள்ளி வைத்ததும் 53க்கு வந்தது, சத்தத்தையும் குறைத்து 48இல் நிறுத்தினோம். 50க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

தூங்கினாள். ஆறு நிமிடம் பொறுத்துப் படுக்க வைத்தேன். இமைக்குள் கண் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரிப்பது போலக் கோணியது, மூச்சு சீராக இல்லை. எழுந்துவிட்டாள். மீண்டும் தூங்க வைத்து, பின்னல் துணியில் சுற்றினேன், கை அசையாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் இறுக்கமாக. முகம் சிவந்தது. அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏய், இவ்ளோ இறுக்காதடி, மூச்சு விட இடம் வேணாமா?"

அவள் சொன்னது சரி. நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். கால் பக்கம் இன்னும் தளர்வாக, முழங்கால் மடங்கி வெளிப்பக்கம் விரிய இடம் வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டுவது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். அவிழ்த்து மறுபடி சுற்றினேன், மறுபடி எழுந்தாள். மூன்று முறை இடம் மாற்றினேன், மூன்று முறையும் எழுந்தாள்.

எப்படியோ 140 படம் எடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்ததும்தான் மீதி தவறுகள் தெரிந்தன. அறையின் எல்இடி விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கக் கன்னம் நீலம், விளக்கு பக்கக் கன்னம் மஞ்சள். ஒரே முகத்தில் இரண்டு நிறம் இருந்தால் திருத்தத்தில் எளிதில் சரியாகாது, ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெடும். நான் போட்டிருந்த சிவப்புச் சட்டையின் நிறம் பாப்பாவின் தாடையில் இறங்கியிருந்தது, குனிந்து எடுத்ததெல்லாம் அப்படி. லென்ஸை எஃப் 1.8இல் அகலத் திறந்து வைத்திருந்ததால் தெளிவு விழும் ஆழம் குறைந்து, இமை முடி தெளிவு, காது மங்கல், மூக்கு நுனியும் மங்கல். போனில் எடுத்தவை இன்னொரு கதை: 20 செ.மீ. நெருங்கி அகல லென்ஸில் எடுத்திருந்தேன், மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிப் போய், அது எங்கள் பாப்பா மாதிரியே இல்லை. தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸுக்கு மாற்றியிருக்க வேண்டும்.

இடையில் என்ன மாற்றினேன்

10, 11ஆம் நாள் கேமராவைத் தொடவில்லை. அக்கா ஒரு நோட்டில் பால் கொடுத்த நேரத்தையும் தூங்கி எழுந்த நேரத்தையும் குறித்துக்கொண்டே வந்திருந்தாள், அதை உட்கார்ந்து பார்த்தோம். பாப்பாவின் நீண்ட தூக்கம் ஐந்து நாளில் நான்கு நாள் 10:15ஐ ஒட்டித்தான் தொடங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சமும் அந்த நேரத்தில்தான் நன்றாக இருக்கும். இது அதிர்ஷ்டம், எல்லார் வீட்டிலும் இப்படிப் பொருந்தாது. அப்படியானால் குழந்தையின் நேரத்தை வைத்து ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள், வெளிச்சத்துக்காகக் குழந்தையின் தூக்கத்தை மாற்றப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, தூக்கத்தின் கட்டம். பிறந்த குழந்தை தூங்கியதும் முதலில் வருவது அசைவுள்ள தூக்கம். இமை துடிக்கும், கை இழுக்கும், சிரிக்கும், முனகும். ஏறத்தாழ 20 நிமிடம் போன பிறகுதான் அமைதியான ஆழ்ந்த தூக்கம் வரும், மூச்சு சீராகும், கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழும். ஒரு முழுச் சுற்று 50, 60 நிமிடம். அப்படியென்றால் நான் படுக்க வைத்த ஆறாவது நிமிடம் மிகவும் மோசமான நேரம். அதோடு ஆழ்ந்த தூக்கத்திலும் அவளை எத்தனை குறைவாக நகர்த்துகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு முறையும் நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு அவளைத் திருப்பியிருக்கிறேன். கேமராவும் நாற்காலியும் அட்டையும் நானும் நகரலாம், அவள் மட்டும் வைத்த இடத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பொம்மையை நடுவில் வைத்துச் சுற்றி வந்து, எந்தெந்த இடத்தில் நின்றால் என்ன படம் கிடைக்கும் என்று பார்த்தேன். ஒரே கிடையில் ஏழு படம் கிடைத்தன: மேலிருந்து முழு உடம்பு, பக்கவாட்டு முகம், உச்சந்தலைச் சுழி, காது, மூடிய கை, பாதம், தோள்பட்டை. அந்த ஏழையும் அதே வரிசையில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மெத்தையையும் மாற்றி அடுக்கினேன். அடியில் மெத்தை, அதன் மேல் விரிப்பு, போர்வை, மறுபடி விரிப்பு, போர்வை, மறுபடி விரிப்பு, போர்வை. மூன்று அடுக்கு. நனைத்துவிட்டால் மேலிரண்டை உருவினால் போதும், அடியில் தயாராக இன்னொன்று இருக்கும். மேல் போர்வையின் பின்பக்க விளிம்பை மட்டும் தூக்கி, பின்னால் 80 செ.மீ. தள்ளி இருந்த நாற்காலிகளில் கிளிப் போட்டு இழுத்தேன், சுருக்கம் இல்லாத பின்புலம் கிடைத்தது. போர்வைக்கு அடியில், தோளும் தலையும் வரும் இடத்தில், கைத்துண்டை இரண்டாக மடித்து வைத்தேன், வெறும் 2 செ.மீ. உயரம். முகம் ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சம் எழும். இதில் ஒரு எச்சரிக்கை: தலைக்கு மட்டும் உயரம் வைத்தால் தாடை நெஞ்சில் போய் அழுந்தும், சின்னக் குழந்தைக்கு மூச்சு அப்படியே தடைபடும். தோளுக்கும் சேர்த்து வைக்க வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் எப்போதும் இடைவெளி தெரிய வேண்டும். படுக்கை தரையில்தான், கட்டிலிலோ மேசையிலோ இல்லை.

மூன்றாவது முயற்சி, 12ஆம் நாள்

9:00 ஹீட்டர். விளக்குகள் எல்லாம் அணைத்தாயிற்று. நான் சாம்பல் நிற மேல்சட்டை, நகத்தை வெட்டி, வாட்ச் மோதிரம் கழற்றி, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டேன். வாசனைத் தைலம் எதுவும் இல்லை.

9:20 கேமரா. பேட்டரி நிறைவு, கார்டு காலி. ஃபோகஸ் ஆகும்போது வரும் பீப் ஓசையை நிறுத்தினேன், ஓசையில்லாத ஷட்டருக்கு மாற்றினேன். இருட்டில் ஃபோகஸுக்கு உதவ முன்பக்கம் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியுமே, அதையும் அணைத்தேன், முந்தைய இரண்டு முறையும் அதுவும் அவள் முகத்தில் அடித்திருக்கிறது. ஃப்ளாஷ் எண்ணமே இல்லை. மெத்தை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்து, அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியவைக்கும் நிற அமைப்பை, பூட்டினேன். எஃப் 3.2, 1/200, ஐஎஸ்ஓ 500.

9:40 மெத்தை உயரத்தில் 26.5 டிகிரி. பாப்பாவின் சட்டையைக் கழற்றி, டயப்பரைத் தளர்த்தி வைத்து, ஒரு துணியை மேலே போர்த்தி அக்கா மடியில் வைத்தோம். டயப்பரின் எலாஸ்டிக் போட்ட கோடு மறைய 15 நிமிடம் ஆகும், படத்தில் அந்தக் கோடு நன்றாகத் தெரியும். பாலுக்கு முன்பே பின்னல் துணியில் தளர்வாகச் சுற்றியாயிற்று. தொப்புள்கொடித் தண்டு இன்னும் விழவில்லை, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் அது தானாக விழும், அதனால் அந்த இடத்தில் துணி உரசாமல் மடிப்பு வரும்படி பார்த்துக்கொண்டேன்.

9:50 பால். 10:15 ஏப்பம். 10:20 தூங்கினாள். நான் எதையும் தொடவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மாமா கதவருகே, அம்மா மெத்தைக்கு அந்தப் பக்கம், யாரும் பேசவில்லை. 22 நிமிடம். அத்தனை நேரம் சும்மா இருப்பது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது, வெளிச்சம் போய்விடுமோ என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 10:42க்கு அம்மா பாப்பாவின் கையை ஒரு விரலால் தூக்கி விட்டார், துவண்டு விழுந்தது.

அக்கா அவளை நெஞ்சோடு அணைத்தபடியே குனிந்து மெத்தையில் வைத்தாள். பிட்டம், முதுகு, தலை. உள்ளங்கையை நெஞ்சில் ஒரு நிமிடம் வைத்திருந்து மெல்ல எடுத்தாள். பாப்பா அசையவில்லை.

கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலிருந்து முதல் படம் எடுத்தேன். குழந்தைக்கு மேலே எதைப் பிடித்தாலும் அது வாரில் இருக்க வேண்டும், வெறுங்கையில் போனை நீட்டுவது வேண்டாம். அம்மாவின் கை எப்போதும் ஓர் அடி தூரத்தில், கேமராவைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டு. பிறகு சுவரில் ஒட்டிய தாளின் வரிசைப்படி சுற்றி வந்தேன். பக்கவாட்டு முகத்துக்கு மண்டியிட்டு, லென்ஸ் அவள் மூக்கின் உயரத்துக்கு வரும்வரை தாழ்ந்தேன். காதுக்கும் பாதத்துக்கும் 50 மி.மீ. அவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகாது, அதனால் போனில் இரண்டு மடங்கு லென்ஸ். பாதத்தின் தோல் உரிந்து செதில் செதிலாக இருந்தது, முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பதுதான், அதைப் படத்தில் அழிக்கவில்லை.

11:05க்கு ஒரே ஒரு முறை அவளைத் தொட்டோம். பின்னல் துணியின் மேல் மடிப்பை மட்டும் தளர்த்தி ஒரு கையை வெளியே எடுத்தாள் அக்கா, அவள் கை சூடாக இருந்தது, ஹீட்டர் முன் காட்டிவிட்டு வந்திருந்தாள். மூடிய விரல்கள், தோள்பட்டை. 11:15க்கு இமை துடிக்கத் தொடங்கியது, மறுபடி அசைவுள்ள தூக்கம். சிரிப்பு வருவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் நான் பக்கவாட்டு முகத்துக்குத் திரும்பிக் காத்திருந்தேன். மூன்று சிரிப்பு வந்தன, இரண்டைப் பிடித்தேன். 11:24க்கு நனைத்தாள், எழுந்தாள், முடித்துக்கொண்டோம். டயப்பர், சட்டை, பால், பிறகு அவளுடைய தொட்டிலில் மல்லாக்க, தலையணை, துண்டு, போர்வை எதுவும் இல்லாமல். படம் எடுக்க அடுக்கிய படுக்கை தூங்க வைப்பதற்கானது அல்ல, அதை உடனே கலைத்துவிட்டேன்.

63 படம். திருத்தியது குறைவு: சிவப்பைக் கொஞ்சம் தணித்தேன், வெளிச்சத்தைச் சிறிது ஏற்றினேன். தோலை மழமழவென்று ஆக்கவில்லை. மூல கோப்புகளை இரண்டு இடத்தில் சேமித்தேன்.

மறுபடி செய்தால்

கூடை, தலைப்பட்டை கிடையாது. பொம்மை ஒத்திகையின்போதே அன்றைக்கு உடுத்தப்போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு எடுப்பேன், சிவப்பு அப்போதே தெரிந்திருக்கும். ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்பே போட்டு மெத்தையையும் சூடேற விடுவேன். விரிப்பு ஐந்து. தாளில் எழுதிய வரிசையில் சுழியையும் காதையும் கடைசிக்குத் தள்ளுவேன், அவற்றைக் குழந்தை மடியில் இருக்கும்போதும் எடுக்கலாம்.

பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அக்காவும் பாப்பாவும் சேர்ந்த படத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 11:24க்கு அக்காவால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, தையல் போட்ட உடம்போடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் குனிந்தும் இருந்திருக்கிறாள். அதை முதலில், பாலுக்கு முன், அவள் தெம்பாக நாற்காலியில் இருக்கும்போது எடுத்திருக்க வேண்டும். அந்த 22 நிமிடம் அவள் ஜன்னலோரம் பாப்பாவை அணைத்தபடி உட்கார்ந்திருந்தபோது கேமரா என் மடியில்தான் இருந்தது, ஒரு படம் கூட எடுக்காமல் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று, 19ஆம் நாள், அந்தப் படத்தை எடுத்தோம். கன்னத்தில் சின்னச் சின்னப் பரு வந்திருக்கிறது, தொப்புள்கொடித் தண்டு விழுந்துவிட்டது, காலை நன்றாக நீட்டுகிறாள், சுருண்டு படுப்பது குறைந்துவிட்டது. முழித்திருந்தாள். அக்காவை ஜன்னலுக்கு 1 மீட்டரில் நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பாப்பாவின் முகம் அவள் முகத்திலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இருக்கும்படி பிடிக்கச் சொன்னேன், இந்த வயதில் அவ்வளவு தூரம்தான் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். பாப்பா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா என்னை மறந்துவிட்டாள். எஃப் 3.2, 1/200, ஐஎஸ்ஓ 640, மொத்தம் 12 நிமிடம்.